1,024 துணை ஊர்திகள், 30 டெசிபல் உச்சம்: எங்கே தவறு செய்கிறேன்?

வெண்ணிரைச்சல் எழுதியது:

முதுநிலைத் திட்டப்பணிக்காக ஓஎஃப்டிஎம் (தரவைப் பல சிறு அலைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) அலைபரப்பி ஒன்றை மென்பொருள் வானொலிப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1,024 துணை ஊர்திகள் (அந்தச் சிறு அலைகள்), எல்லாவற்றிலும் கியூபிஎஸ்கே, அதாவது அலையின் நான்கு கட்டக் கோணங்களில் ஒன்றால் இரண்டு பிட்டைச் சொல்வது. நேற்றுதான் முதன்முறையாக உச்சத் திறனுக்கும் சராசரித் திறனுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 30.1 டெசிபல். ஆயிரம் மடங்குக்கும் மேல்! என்னிடம் இருக்கும் பெருக்கி 1 வாட் வரைதான் தாங்கும். உச்சம் வெட்டுப்படாமல் இருக்க வேண்டுமென்றால் சராசரியாக 1 மில்லிவாட்தான் அனுப்ப முடியும். உலகமே இந்த முறையில்தான் இயங்குகிறது என்கிறார்கள். அப்படியானால் நான் எங்கோ தவறு செய்திருக்க வேண்டும். எங்கே என்று தெரியவில்லை.

அரைபிட் எழுதியது:

சோதனைத் தரவாக என்ன கொடுத்தீர்கள்? எல்லாம் பூஜ்யமா?

வெண்ணிரைச்சல் எழுதியது:

ஆம். ஏற்பியில் பிழைகளை எண்ணுவதற்கு வசதியாக இருக்கும் என்று முழுவதும் பூஜ்யங்களாகவே கொடுத்தேன்.

அரைபிட் எழுதியது:

அதுதான். எல்லா ஊர்திகளிலும் ஒரே குறியீடு ஏறினால் தலைகீழ் ஃபூரியர் மாற்றத்தின் வெளியீடு ஒற்றை ஊசி. முதல் மாதிரியில் முழு ஆற்றலும் நிற்கும், மற்ற 1,023 மாதிரிகளும் வெறுமை. வரைந்து பாருங்கள், திரையின் இடது ஓரத்தில் ஒரே ஒரு கோடு தெரியும். 1,024-ஐ டெசிபலுக்கு மாற்றினால் சரியாக 30.1. உங்கள் நிரலில் தவறில்லை, தரவில்தான். வை-ஃபையில் பிட்டுகளை அனுப்பும் முன் 127 பிட் நீளமுள்ள தொடரால் கலைத்துவிடுவது இப்படிப்பட்ட தரவுக்காகவும்தான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கலைப்பியின் தொடக்க நிலை மாறும். ஒரு பொட்டலம் கெட்ட உச்சத்தில் மாட்டித் தொலைந்தாலும், மறுமுறை போகும்போது வேறு முகத்தோடு போகும்.

கட்டக்கோணம் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன், அச்சம் தெளியும். 32 துணை ஊர்திகள், கியூபிஎஸ்கே என்று சிறியதாக எடுத்துக்கொள்வோம். எல்லா அலைகளும் ஒரு கணத்தில் ஒரே திசையில் நின்று 32 மடங்கு உச்சத்தைத் தொட வேண்டுமென்றால், ஊர்திக்கு ஊர்தி கட்டம் ஒரே அளவில் ஏறிக்கொண்டு போக வேண்டும். முதல் ஊர்தியின் கட்டத்துக்கு 4 வாய்ப்பு, ஏற்றத்துக்கு 4 வாய்ப்பு, ஆக 16 தொடர்கள் மட்டுமே. மொத்தத் தொடர்களோ 4-இன் 32-ஆம் அடுக்கு. வகுத்தால் 2-இன் 60-ஆம் அடுக்கில் ஒரு பங்கு. ஒரு ஓஎஃப்டிஎம் குறியீட்டுக்கு (எல்லா ஊர்திகளும் சேர்ந்த ஒரு அலைத்துண்டு; இனி குறியீடு என்றால் இதுதான்) 100 மைக்ரோநொடி வீதம் இடைவிடாமல் அனுப்பினால் ஏறக்குறைய 36 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த உச்சம் வரும். 32-க்கே இந்தக் கதி. நீங்கள் வைத்திருப்பது 1,024.

ஆகவே "உச்சபட்ச உச்சம்" என்பது காகிதத்தில் மட்டும் வாழும் ஒன்று. ஊர்திகள் பலவாகும்போது கூட்டுத்தொகை காஸியன் இரைச்சலைப் போலவே நடந்துகொள்ளும், வீச்சு ரேலே பரவலைப் பின்பற்றும். ஆயிரத்தில் ஒரு குறியீடு எந்த அளவைத் தாண்டுகிறது என்று கேட்பதுதான் பொருளுள்ள கேள்வி. 64 ஊர்திகளுக்கு அது 10.4 டெசிபல், 1,024-க்கு 11.4. பதினாறு மடங்கு ஊர்திகளைச் சேர்த்தும் ஒரே ஒரு டெசிபல்தான் ஏறியிருக்கிறது, கவனியுங்கள்.

வெண்ணிரைச்சல் எழுதியது:

மிக்க நன்றி. தற்போக்கு பிட்டுகளைக் கொடுத்துப் பத்தாயிரம் குறியீடுகளை ஓட்டினேன். ஆனால் எனக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற மட்டத்தில் 8.4 டெசிபல்தான் வருகிறது, 11.4 இல்லை. முதலில் அதிகமாக வந்தது, இப்போது குறைவாக வருகிறது!

கட்டக்கோணம் எழுதியது:

8.4 என்ற எண்ணைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். எல்லா மாதிரிகளையும் ஒரே குவியலாகக் கொட்டி, அதில் ஆயிரத்தில் ஒரு மாதிரி எதைத் தாண்டுகிறது என்று பார்த்திருக்கிறீர்கள். அதற்கு விடை எப்போதும் 8.4தான், ஊர்திகள் 64 ஆனாலும் 4,096 ஆனாலும். நான் சொன்னது ஆயிரத்தில் ஒரு குறியீடு. ஒவ்வொரு குறியீட்டிலும் 1,024 மாதிரிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது எது என்று ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனித்தனியாக எடுத்து, அந்தப் பெரியவற்றின் பரவலை வரைய வேண்டும். இரண்டு வரைபடத்துக்கும் ஒரே பெயர் என்பதால் ஆய்வுக் கட்டுரைகளில்கூட ஒன்றோடு ஒன்றைக் குழப்பி ஒப்பிடுகிறார்கள்.

வெண்ணிரைச்சல் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள், அந்தத் தவறுதான். திருத்தியதும் 11.4 வந்துவிட்டது. இதைக் குறைப்பதற்கான முறைகளைத் தேடினால் முடிவே இல்லாமல் போகிறது: வெட்டுதல், எஸ்எல்எம் (ஒரே தரவின் பல வடிவங்களில் உச்சம் குறைந்ததைத் தேர்வது), பிடிஎஸ் (ஊர்திகளைக் குழுக்களாக்கிக் கட்டம் திருப்புவது), ஊர்தி ஒதுக்கீடு, கோலே தொடர்கள்... என் வழிகாட்டி எஸ்எல்எம் செய்யச் சொல்கிறார். ஆய்வகத்தில் உள்ள மூத்த மாணவரோ "வெட்டிவிட்டுப் போ" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பெருக்கிக்காரன் எழுதியது:

மூத்த மாணவர் பேச்சை. ஆனால் காரணத்தோடு.

பதினைந்து ஆண்டுகளாகத் தளநிலையங்களின் திறன் பெருக்கிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். முதலில் இந்த வேலையை எதற்காகச் செய்கிறோம் என்று பார்ப்போம். இலட்சிய பி வகுப்புப் பெருக்கியின் பயனுறுதிறன் முழு வீச்சில் 78.5 சதவீதம். ஓஎஃப்டிஎம் சிக்னலை அதன் வழியே அனுப்பி, சராசரியைத் தெவிட்டல் நிலைக்கு (பெருக்கியால் அதற்கு மேல் தர முடியாத எல்லை) 10 டெசிபல் கீழே வைத்தால் கிடைப்பது சுமார் 28 சதவீதம். 7 டெசிபல் கீழே வைத்தால் ஏறக்குறைய 40. வெளியே போவது இரண்டிலும் 20 வாட்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 71 வாட் வாங்கி 51 வாட்டை வெப்பமாகக் கொட்டும், இரண்டாவது 50 வாங்கி 30-ஐக் கொட்டும். 21 வாட் வெப்பம் குறைந்தால் உலோகத் துடுப்புகளின் அளவு குறையும், எடை குறையும், விசிறி வேண்டாம். மூன்று டெசிபலின் கதை இது. டோஹெர்ட்டி 1936-இல் பெல் ஆய்வகத்தில் இரட்டைப் பெருக்கி அமைப்பைக் கண்டுபிடித்ததும் இதே வயிற்றெரிச்சலில்தான். வீச்சு மாறும் சிக்னலுக்குச் சராசரி மட்டத்தில் பெருக்கி சோம்பிக் கிடக்கக் கூடாது என்பதே அவர் கவலை.

இப்போது வெட்டுதலுக்கு வருவோம். சராசரிக்கு 6 டெசிபல் மேலே கோடு போட்டு அதற்கு மேலுள்ளதை வெட்டினால் ஏற்படும் திரிபு, காஸியன் கணக்குப்படி, ஈவிஎம் (புள்ளி தன் சரியான இடத்திலிருந்து விலகும் அளவு) கணக்கில் சுமார் 4.1 சதவீதம். 7 டெசிபலில் வெட்டினால் 2.3. 5-இல் வெட்டினால் 6.6. கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி தளநிலையத்துக்குத் தரும் எல்லை கியூபிஎஸ்கேக்கு 17.5 சதவீதம், 16-கியூஏஎம்-க்கு (ஊர்திக்கு 16 வேறு புள்ளிகள்) 12.5, 64-க்கு 8, 256-க்கு 3.5. கியூபிஎஸ்கே மட்டும் அனுப்புகிறவர் இவ்வளவு கஞ்சத்தனமாக உச்சத்தைக் காக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லை முழுவதையும் வெட்டுவதற்கே செலவழிக்கவும் கூடாது. அலையியற்றியின் கட்ட இரைச்சலும் பெருக்கியின் மிச்சத் திரிபும் அதே பையிலிருந்துதான் எடுக்கும்.

வெட்டுவதற்குப் பெருக்கியே போதாதா என்று கேட்பீர்கள். பெருக்கி வெட்டினால் அழுக்கு பக்கத்து அலைவரிசையில் சிந்தும், அதை அங்கே வடிகட்ட வழியில்லை. எண்ணியல் பக்கத்தில் நாமே வெட்டினால் சிந்துவதை வடிகட்டித் துடைத்துவிடலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

வெண்ணிரைச்சல் எழுதியது:

அப்படியே செய்து பார்த்தேன். 6 டெசிபலில் வெட்டினேன், நிரலில் உச்சம் சரியாக 6.0 காட்டியது. பலகையின் வெளியீட்டை அலைகாட்டியில் பிடித்தால் 9-ஐ ஒட்டி நிற்கிறது. அலைமாலைப் பகுப்பானிலோ இருபுறமும் தோள்கள் அப்படியே இருக்கின்றன. வெட்டியதெல்லாம் எங்கே போயிற்று?

அரைபிட் எழுதியது:

எந்த மாதிரி வீதத்தில் வெட்டினீர்கள்? 1,024 ஊர்திகளுக்கு 1,024 மாதிரிகள் வைத்துக்கொண்டா?

வெண்ணிரைச்சல் எழுதியது:

ஆமாம்.

அரைபிட் எழுதியது:

இரண்டு மாதிரிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் உச்சம் உங்கள் நிரலின் கண்ணில் படாது. பின்னால் எண்ணியலிலிருந்து ஒப்புமைக்கு மாற்றும் இடத்தில் இடைச்செருகல் நடக்கும்போது அது தலையைத் தூக்கும். குறைந்தது நான்கு மடங்கு வீதத்துக்கு ஏற்றிய பிறகு வெட்டுங்கள். இன்னொன்று: நைக்விஸ்ட் வீதத்திலேயே (ஊர்திக்கு ஒரு மாதிரி) வெட்டினால் திரிபு முழுவதும் உங்கள் பட்டைக்குள்ளேயே மடங்கி விழுந்துவிடும், வடிகட்டி நீக்குவதற்கு வெளியே எதுவும் மிஞ்சாது. நான்கு மடங்கில் வெட்டினால் ஒரு பங்கு வெளியே போகும், அதை வடிகட்டலாம், ஈவிஎம்மும் கொஞ்சம் குறையும்.

வடிகட்டியதும் உச்சம் மறுபடி வளரும். மறுபடி வெட்ட வேண்டும், மறுபடி வடிகட்ட வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு ஆதாயம் சுருங்கிவிடும், நிறுத்திக்கொள்ளலாம்.

பெருக்கிக்காரன் எழுதியது:

வன்பொருளில் நாங்கள் பெரும்பாலும் அப்படி வெட்டுவதில்லை. உச்ச நீக்கம் என்ற முறை. பட்டைக்குள் மட்டுமே ஆற்றல் உள்ள ஒரு துடிப்பை முன்கூட்டியே நினைவகத்தில் வைத்திருப்போம். கோட்டைத் தாண்டும் உச்சம் கண்ணில் பட்டதும், எவ்வளவு தாண்டியதோ அந்த அளவுக்குத் துடிப்பைச் சுருக்கி, அதே கட்டத்துக்குத் திருப்பி, அந்த இடத்தில் வைத்துக் கழித்துவிடுவோம். துடிப்பே பட்டைக்குள் அடங்கியது என்பதால் வெளியே சிந்தாது, தனி வடிகட்டி வேண்டாம். ஒரே நேரத்தில் இத்தனை துடிப்புகள்தான் கழிக்க முடியும் என்ற வரம்பு உண்டு. உச்சங்கள் கூட்டமாக வந்தால் சில தப்பிவிடும், அவற்றைப் பிடிக்க அடுத்த சுற்று ஒன்று காத்திருக்கும்.

ஒருமுறை நான் அந்தத் துடிப்பின் கட்டத்தைத் திருப்ப மறந்து, வீச்சை மட்டும் பெருக்கிக் கழித்துவிட்டேன். உச்சம் குறைவதற்குப் பதில் சில இடங்களில் கூடிவிட்டது. மூன்று நாள் பெருக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அது என்ன செய்யும்.

கட்டக்கோணம் எழுதியது:

எஸ்எல்எம்மை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். 1996-இல் பொய்மல், ஃபிஷர், ஹூபர் மூவரும் முன்வைத்த எண்ணம் அழகானது. ஒரே தரவுக்குப் பல கட்டத் தொடர்களைப் பெருக்கிப் பல வேடங்கள் தயாரித்து, உச்சம் குறைந்த வேடத்தை மட்டும் அனுப்புவது. திரிபு என்பதே இல்லை. நான்கு வேடங்கள் இருந்தால் 11.4 என்பது 9.3 ஆகிறது. 1024-கியூஏஎம் போன்ற இடங்களில், ஈவிஎம் எல்லை மிகக் குறுகலாக இருக்கும்போது, வெட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காதே, அப்போது என்ன செய்வீர்கள்?

பெருக்கிக்காரன் எழுதியது:

> திரிபு என்பதே இல்லை

திரிபு இல்லை, விலை உண்டு. நான்கு வேடங்களுக்கு நான்கு ஃபூரியர் மாற்றங்கள். பதினாறாக்கினால்? நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

கட்டக்கோணம் எழுதியது:

பதினாறுக்கு 8.4 டெசிபல். ஒத்துக்கொள்கிறேன், நான்கு மடங்கு உழைப்புக்கு ஒரு டெசிபலுக்கும் குறைவு.

பெருக்கிக்காரன் எழுதியது:

அடுத்தது, எந்த வேடத்தில் வந்தது என்று ஏற்பிக்கு யார் சொல்வது? நான்குக்கு இரண்டு பிட்தான், உண்மை. ஆனால் அந்த இரண்டு பிட் தவறினால் குறியீடு முழுவதும் குப்பை. எல்லாவற்றுக்கும் மேலாக, தரநிலையில் அதற்கு இடமில்லை என்றால் ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் கருவிகளுக்கு அந்த மொழி புரியாது. வெட்டுவதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஏற்பிக்கு அது கொஞ்சம் இரைச்சலாகத் தெரியும், அவ்வளவுதான்.

கட்டக்கோணம் எழுதியது:

பைலட் ஊர்திகளையும் (ஏற்பி முன்பே அறிந்த மதிப்பைச் சுமப்பவை) தரவு ஊர்திகளையும் சேர்த்தே தொகுதி தொகுதியாகச் சுழற்றினால் ஏற்பி அதைத் தடத்தின் கட்டமாகவே எடுத்துக்கொண்டு தானாகச் சரிசெய்துவிடும், தனித் தகவல் வேண்டாம். தொகுதி எல்லைகளில் கட்டம் தாவும், ஆகவே எல்லையைத் தாண்டித் தடத்தை இடைச்செருகி மதிப்பிடும் ஏற்பிக்கு அது ஒத்துவராது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்குள்.

கோபுரத்தடி எழுதியது:

தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரங்களில் வேலை பார்ப்பவன். தரநிலை இடம் கொடுத்தால் வெட்டாமலும் முடியும் என்பதற்குத் தரைவழித் தொலைக்காட்சித் தரநிலையான டிவிபி-டி2 நல்ல எடுத்துக்காட்டு. அதில் இரண்டு வழிகள் எழுத்திலேயே இருக்கின்றன. ஒன்று ஊர்தி ஒதுக்கீடு. ஊர்திகளில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தைத் தரவு ஏற்றாமல் விட்டு, உச்சத்துக்கு எதிராக நிற்கும் அலையை அவற்றில் உருவாக்குவது. ஏற்பி அவற்றைத் திரும்பிப் பார்க்காது. மற்றது, குறியீட்டுப் படத்தின் (ஊர்தி எடுக்கக்கூடிய புள்ளிகளின் வரைபடம்) வெளி ஓரப் புள்ளிகளை மட்டும் இன்னும் வெளியே தள்ளுவது. வெளியே தள்ளினால் பிழை கூடாது, முடிவெடுக்கும் எல்லையிலிருந்து இன்னும் விலகித்தானே போகின்றன. சுழற்றிய குறியீட்டுப் படம் பயன்படுத்தும்போது மட்டும் இரண்டாவது வழி கிடையாது.

நூற்றில் ஒரு பங்கு கொள்ளளவைக் கொடுத்து உச்சத்தைக் குறைப்பது எங்களுக்கு லாபமே. எங்கள் பெருக்கிகள் கிலோவாட் கணக்கில் வேலை செய்பவை.

சுழல்வெளி எழுதியது:

கோலே தொடர்களை யாரும் தொடவில்லையே? இணையாக அமையும் இரண்டு தொடர்களின் அலைமாலைத் திறனைக் கூட்டினால் எங்கும் ஒரே மட்டமாக வரும் என்பதால், ஒவ்வொன்றின் உச்சமும் சராசரியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டவே முடியாது. வெறும் 3 டெசிபல். அகச்சிவப்பு நிறமாலைமானிக்காக மார்செல் கோலே கண்டெடுத்தவை எங்கோ வந்து இங்கே உட்கார்ந்துகொண்டன. 1999-இல் டேவிஸும் ஜெட்வாபும் அவற்றைப் பிழை திருத்தும் ரீட்–முல்லர் குறிமுறைகளோடு இணைத்துக் காட்டினார்கள்.

கட்டக்கோணம் எழுதியது:

அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஊர்திகள் கூடக் கூட அந்தத் தொடர்களின் எண்ணிக்கை மொத்தத் தொடர்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது, தரவு வீதம் பாதாளத்துக்குப் போகும். 16, 32 ஊர்திகளுக்குச் சரி. 1,024-இல் பைலட்டாக, முன்னுரையாக வைத்துக்கொள்ளலாம், தரவைச் சுமக்க ஆகாது.

சுழல்வெளி எழுதியது:

கைபேசிக்காரர்கள் பிரச்சினையைத் தீர்க்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். எல்டிஇ (4ஜி) கீழ்வழியில், அதாவது தளநிலையத்திலிருந்து கைபேசிக்கு, ஓஎஃப்டிஎம்; எதிர்த்திசையான மேல்வழியில் ஒற்றை ஊர்தி வகை. ஃபூரியர் மாற்றம் ஒன்றை முன்னால் வைத்துத் தரவைப் பரப்பிவிட்டால் வெளியே வருவது ஒற்றை ஊர்தியைப் போல அமைதியாக இருக்கும். 5ஜியில் இரண்டுமே மேல்வழிக்கு உண்டு. தளநிலையத்துக்கு அருகில் இருப்பவருக்கு ஓஎஃப்டிஎம், செல்லின் ஓரத்தில் கடைசித் துளித் திறனையும் பிழிய வேண்டியவருக்குப் பரப்பிய வகை. இதற்கும் மேலே பாதி பை சுழற்சி கொண்ட பிபிஎஸ்கே (இரண்டே கட்டங்கள் உள்ள வகை) வேறு.

வெண்ணிரைச்சல் எழுதியது:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, முடிவோடு வந்திருக்கிறேன். வழிகாட்டிக்கும் மூத்த மாணவருக்கும் இருவருக்குமே நியாயமாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே பெருக்கியில் வைத்தேன். உச்ச விகிதத்தை ஒப்பிடவில்லை. பக்கத்து அலைவரிசையில் சிந்துவது ஒரே எல்லையைத் தொடும் வரை திறனை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், எங்கே நிற்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

எதுவும் செய்யாதபோது நின்ற இடத்தைப் பூஜ்யமாக வைத்தால், நான்கு வேட எஸ்எல்எம் 0.4 டெசிபல் கூடுதல் தந்தது. நான்கு மடங்கு வீதத்தில் இரண்டு சுற்று வெட்டி வடிகட்டியது 2.3 டெசிபல் தந்தது. கியூபிஎஸ்கே என்பதால் ஈவிஎம் எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறேன். ஆனால் வரைபடத்தில் எஸ்எல்எம் 2.1 டெசிபல் குறைத்திருந்ததே! அதில் முக்கால்வாசிக்கு மேல் எங்கே கரைந்தது?

பெருக்கிக்காரன் எழுதியது:

கரையவில்லை, முதலிலிருந்தே இல்லை. எஸ்எல்எம் ஒவ்வொரு குறியீட்டிலும் மிகப் பெரிய ஒரே ஒரு மாதிரியைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறது. அந்த ஒன்று குறைகிறது. மீதி 1,023 மாதிரிகள் ஏறக்குறைய பழைய ரேலே பரவலிலேயே கிடக்கின்றன. நீங்கள் முதலில் தவறுதலாக வரைந்தீர்களே, எல்லா மாதிரிகளையும் கொட்டிய 8.4 வரைபடம், அதை எஸ்எல்எம்முக்கும் வரைந்து பாருங்கள். 8.4-லிருந்து அரை டெசிபல் அளவுக்குத்தான் அசைந்திருக்கும். உங்கள் பெருக்கி உச்சியில் திடீரென்று முட்டுவதில்லை, அதற்குக் கீழேயே மெல்ல மெல்ல வளையத் தொடங்கிவிடும். சராசரிக்கு மேலே ஆறேழு டெசிபலில் புழங்கும் மாதிரிகள்தான் அங்கே சிந்துவதைத் தீர்மானிக்கின்றன. ஆயிரத்தில் ஒரு குறியீட்டின் உச்சி அல்ல.

முன்திரிபு போட்டு, அதாவது பெருக்கியின் வளைவுக்கு எதிராகச் சிக்னலை முன்பே வளைத்து, பெருக்கியை நேராக்கிவிட்டால் நிலைமை கொஞ்சம் மாறும். அப்போது தெவிட்டும் வரை நேர்கோடு, அதற்கு மேல் சுவர். தெவிட்டலை எந்த முன்திரிபாலும் திருப்ப முடியாது. அங்கே உச்சத்துக்கு மதிப்பு கூடும், எஸ்எல்எம்முக்கும் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும்.

கட்டக்கோணம் எழுதியது:

இதை மறுக்க எனக்கு வழியில்லை. முன்திரிபோடு சேர்த்து 0.4 எவ்வளவாகிறது என்று அளக்காமல் விட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வழிகாட்டியும் அதைத்தான் கேட்பார்.

வெண்ணிரைச்சல் எழுதியது:

கேட்டுவிட்டார்! அடுத்த மாதம் அதுதான் வேலை. அந்த 8.4 வரைபடத்தையும் வரைந்தேன். எஸ்எல்எம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆயிரத்தில் ஒரு மாதிரி மட்டத்தில் இரண்டு கோடுகளும் அரை டெசிபலுக்குள் நெருங்கி நிற்கின்றன, வால் நுனியில்தான் நன்றாகப் பிரிகின்றன. முழுப் பூஜ்யக் கோப்பை அழித்துவிட்டேன், இனி அந்த 30 டெசிபலைப் பார்க்க வேண்டாம்.

அரைபிட் எழுதியது:

அழித்தீர்களா? திரும்ப உருவாக்கி வையுங்கள். நிலைப்புள்ளிக் கணக்கில் ஃபூரியர் மாற்றத்தை எழுதும்போது எந்த அடுக்கில் நிரம்பி வழிகிறது என்று பார்க்க அதைவிடக் கொடூரமான சோதனை கிடையாது. 1,024-க்குப் பத்து அடுக்குகள். ஒவ்வொன்றிலும் பாதியாக்கவில்லை என்றால் அந்த ஊசி எங்கே உடைகிறது என்று முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். எல்லா அடுக்கிலும் பாதியாக்கினாலோ சாதாரணத் தரவு முழு அளவுக்கு 30 டெசிபல் கீழே போய்விடும், சுமார் ஐந்து பிட் வீண். எந்த அடுக்கில் பாதியாக்குவது, எதில் விடுவது என்று அடுத்து நீங்கள் இங்கே வந்து கேட்கத்தான் போகிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.